இடது சிலிண்டர்

சலீம் குருமூர்த்தியின் பட்டறையை விட்டுப் போனது 2022 அக்டோபர் பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. பதினொரு மணி டீ வந்து எல்லோர் கையிலும் டம்ளர் இருந்த நேரம். அவர் தன்னுடையதைக் குடிக்காமல் கம்ப்ரசர் மேல் வைத்துவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, வேலைச் செருப்பைக் கழற்றிப் போட்டு வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

வெல்டர் சின்னராஜ் ரோடு வரை பின்னாலேயே வந்தான்.

"ஏனுங்க பாய், சாமானெல்லாம் உட்டுப்போட்டுப் போறீங்க?"

"இருக்கட்டும் சின்னராஜு."

"அப்ப நாளைக்கு வந்துருவீங்கன்னு வெச்சுக்கட்டுமா?"

"வெச்சுக்க."

"இப்படிச் சொல்லீட்டுத்தான் எங்க சித்தப்பா திருப்பூருக்குப் போனாரு. பதினாலு வருசமாச்சு."

சலீம் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. சிரிப்பு வரவில்லை. வராதது அவருக்கு உறுத்தவும் இல்லை. நாமக்கல் டவுன் பஸ் வந்தது, ஏறினார், சன்னலோரம் இடம் கிடைத்தது, உட்கார்ந்தார்.

புதுச்சத்திரம் தாண்டி சேலம் ரோட்டில் இருக்கிற பட்டறைகளில் பெரும்பாலானவை லாரிக்குக் கூடு கட்டுகிறவை. குருமூர்த்தியின் பட்டறை மட்டும் வேறு மாதிரி. கேட்கிறவர்களின் தேவைக்கு ஏற்ப வண்டியை மாற்றிக் கொடுப்பதுதான் அங்கே வேலை. முட்டை உடையாமல் கேரளா போய்ச் சேருகிற வண்டி, கட்சிக்காரர்கள் மேலே ஏறி நின்று பேசுகிற வண்டி, சக்கர நாற்காலியோடு உள்ளே போய்விடுகிற வேன். இந்த மாதிரி வண்டிகளில் ஸ்பிரிங் பட்டைக்குப் பதிலாகக் காற்றுதான் பாரம் தாங்கும். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒரு சிலிண்டர். அதற்குள் காற்று ஏறினால் கண்ணாடி போலப் பளபளக்கும் இரும்புத் தண்டு வெளியே நீண்டு வண்டியை உயர்த்தும். காற்று இறங்கினால் தண்டு உள்ளே போய் வண்டி தாழும். தண்டு போய் வருகிற வாயில் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. சீல் என்பார்கள். ராத்திரி நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், அந்தச் சீல் காய்ந்துவிட்டது அல்லது வெடித்துவிட்டது என்று பொருள். அப்போது சலீமைக் கூப்பிடுவார்கள்.

அவர் வேலை செய்கிற விதத்தைப் பார்க்க மற்றப் பட்டறைக்காரர்களே வருவதுண்டு. முதலில் சோப்பு நுரையைத் தடவிவிட்டுக் குத்தவைத்துக் காத்திருப்பார். எங்கே குமிழி எழுகிறதோ அங்கே ஓட்டை. பழைய சீலைப் பிடுங்க ஸ்குரூ டிரைவரைத் தொடமாட்டார். சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்து, நுனியைக் கல்லில் தேய்த்து மழுக்கி வைத்திருந்தார். பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் புதுச் சீலும் ஒழுகும் என்பது அவர் கணக்கு. புதுச் சீலுக்கு வெள்ளைச் சிலிக்கான் கிரீஸை மோதிர விரலால் தடவுவார். மற்ற விரல்களில் எப்போதும் ஏதாவது தூசி இருக்கும், மோதிர விரல் எதையும் தொடுவதில்லை, அதனால். "பாய் கிரீஸ் தடவுறது மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசுற மாதிரி இருக்குது" என்று சின்னராஜ் கிண்டல் செய்வான்.

அந்த வருடம் ரமலான் பதினேழாம் நோன்பன்று அவர் மனைவி ரஹமத் பீவி இறந்தார். சர்க்கரை, பிறகு சிறுநீரகம். நான்காம் நாள் சலீம் வேலைக்கு வந்தார். குருமூர்த்தி, "இன்னும் ரெண்டு வாரம் இருந்துட்டு வாங்க பாய்" என்றார். "ஊட்டுல என்னங்க பண்றது" என்று சொல்லிவிட்டு ஒரு முட்டை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். அவர் அழுது யாரும் பார்க்கவில்லை. வாழப்பாடியில் கட்டிக்கொடுத்த மகள் நிகத் வந்து ஒரு மாதம் சமைத்துப் போட்டாள். ஒரு நாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் வழக்கமாகச் சாப்பிடுகிற அளவு சாப்பிட்டுவிட்டு எழுந்தார். தான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஏன் அத்தா சொல்லல?"

"என்னத்த?"

வேலையில் குறை ஒன்றும் வரவில்லை. கைக்கு வேலை தெரியும். பத்தொன்பது வருடம் செய்த கை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, இன்றைக்கு எந்த வண்டியைப் பார்த்தோம் என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

செப்டம்பர் கடைசியில் தீபிகாவின் வேன் வந்தது. தீபிகா பனமரத்துப்பட்டியில் இ-சேவை மையம் நடத்துகிற பெண். முப்பத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இயக்குகிற மாதிரி, பின்பக்கம் தாழ்ந்து சரிவுப் பலகை இறங்குகிற மாதிரி, அந்த வேனைக் குருமூர்த்தி பட்டறையில்தான் செய்து கொடுத்திருந்தார்கள். பின் சிலிண்டர் இரண்டிலும் காற்று ஒழுகியது. சலீம் இரண்டு சீலையும் மாற்றினார். வலது பக்கத்தை மாட்டும்போது நிகத் போன் செய்தாள். விரலில் கிரீஸ் இருந்ததால் சின்னராஜ்தான் போனை அவர் காதில் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு இடது பக்கம். வண்டி நிமிர்ந்தது. நுரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு குமிழி இல்லை. தீபிகா, "சலீம்ணா, இனி நாலு வருசத்துக்கு உங்க மூஞ்சியில முழிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் ஆகவில்லை. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி காலை, மையத்துக்கு முன்னால், வேனைத் தாழ்த்திப் பலகையை இறக்கி, அவள் நாற்காலியைப் பின்னால் உருட்டிக்கொண்டிருந்தாள். வண்டி இன்னும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. இடது சிலிண்டரின் சீல் விட்டது. ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம், அவ்வளவுதான். இடது பக்கம் மட்டும் பொத்தென்று உட்கார்ந்தது. நாற்காலி கவிழ்ந்தது. இடது தோள்பட்டை நொறுங்கியது. தொடை எலும்பும் முறிந்திருந்தது. அதை அவள் உணரவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோதுதான் தெரிந்தது. கால் போனது அவளுக்குப் புதிதல்ல. தோள் போனால் வண்டி ஓட்ட முடியாது.

மறுநாள் டீ நேரத்தில் குருமூர்த்தி எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அன்றைக்கும் கத்தவில்லை.

"இடது பக்கம் சீல் மாட்டுனது யாரு?"

"நாந்தானுங்க."

"கிரீஸ் வெச்சீங்களா பாய்?"

வைத்தேன் என்று ஒரு சொல் போதும். எந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொல்வான். குருமூர்த்தியும் அதைத்தான் எதிர்பார்த்தார். அதைச் சொல்லியிருந்தால் சீல் கம்பெனியைத் திட்டிவிட்டு டீயைக் குடித்திருப்பார்கள். சலீம் யோசித்தார். வலது பக்கம் கண்முன் வந்தது: நிகத்தின் குரல், காதில் போன், விரல் நுனியில் வெள்ளை. இடது பக்கத்தைத் தேடினார். அங்கே ஒன்றுமில்லை. சுவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஞாபகமில்லீங்க."

"ஞாபகமில்லியா?"

"இல்லீங்க."

குருமூர்த்தி தன் டம்ளரைக் கீழே வைத்தார். "கொஞ்ச நாள் ஊட்டுல இருங்க பாய். நானே கூப்புடறேன்" என்றார். அவர் கூப்பிடவில்லை. சலீமும் எதிர்பார்க்கவில்லை.

நாமக்கல் பேட்டையில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவர் மகளிடம் போனார். மருமகன் ஷாருக்குக்கு வாழப்பாடியில் ஜவுளிக்கடை. "மாமா, கடையில சும்மா உக்காந்திருங்க, போதும்" என்றான். இரண்டு நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ஆத்தூர் ரோட்டில் உள்ள பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றுப் பிடிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார். பங்கு மேனேஜர் சிவக்குமார், "வயசு அம்பத்திநாலா? குனிஞ்சு நிமிர முடியுமா பெரியவரே?" என்றார். "பத்தொம்பது வருசம் படுத்தே வேலை பாத்தேனுங்க. குனியறது எனக்கு ஓய்வு" என்றார் சலீம். வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆனால் சிவக்குமார் சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்தார்.

காற்றுப் பிடிப்பதில் நினைவு வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. வண்டி வரும், எண்ணைச் சொல்வார்கள், டயர் நிறையும், போய்விடும். அது அவருக்குச் சரியாக இருந்தது.

நவம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கிலோ சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பனமரத்துப்பட்டிக்குப் போனார். போக வேண்டும் என்று பெரிய ஏக்கம் ஒன்றும் இல்லை. பார்க்காமல் இருப்பது முறையல்ல என்று நிகத் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதனால் போனார்.

தீபிகாவின் அம்மா மாரக்காள் அரளிக் காட்டில் பூப்பறிக்கிறவர். வாசலில் நின்றிருந்த சலீமைப் பார்த்ததும், உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. "இருங்க, டீ வெக்கறேன்" என்றார். தீபிகா சன்னலோரக் கட்டிலில் தோளில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். அவளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் சாத்துக்குடியை வைத்துவிட்டு வெளியே வந்தார். தகரக் கொட்டகையில் வேன் நின்றது.

பழக்கம்தான். குனிந்து பார்த்தார். இடது சிலிண்டரில் புதுச் சீல். சேலத்துக்காரன் ஒருவன் வந்து மாட்டிவிட்டுப் போயிருந்தான். வலது பக்கத்தில் அவர் போட்டது அப்படியே இருந்தது. அந்தத் தண்டின் மேல் மூன்று பட்டை. விபூதியும் சந்தனமும் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம். தண்டு உள்ளே போய் வந்து போய் வந்து, பாதி அழிந்து, மிச்சம் மண் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. மோதிர விரலால் தொட்டுக் கட்டை விரலோடு தேய்த்தார். நறநறவென்றது.

மாரக்காள் டீயோடு வந்தார்.

"இது எப்ப வெச்சதுங்க?"

"ஆயுதபூசைக்கு. வண்டியக் கழுவி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, அந்தக் கம்பிக்குத்தான் மொதப் பொட்டு. அப்ப வண்டிய நல்லா மேல தூக்கி நிறுத்தியிருந்தா, கம்பி பளபளன்னு தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் வெச்சேன். முப்பது வருசம் எம்புள்ளைய நாந்தூக்குனனுங்க. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. இப்ப அதுதான தூக்கி எறக்குது? சாமி மாதிரிதானுங்களே."

சலீம் டம்ளரை வாங்கிக்கொண்டார். லாரிக்காரர்கள் ஸ்டியரிங்கில் பூசுவார்கள், கண்ணாடியில் பூசுவார்கள், டீசல் டேங்கில் பூசுவார்கள். எதற்கும் ஒன்றும் ஆகாது. சீலுக்குள் நுழைகிற தண்டில் பூசி இவர் பார்த்ததில்லை. வண்டிக்கு அடியில் மறைந்து கிடக்கும் இடம் அது. வழக்கமான வண்டியில் யார் கண்ணிலும் படாது. இந்த வேனில் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி அமைந்துவிட்டது.

மாரக்காள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க? அங்க வெச்சா ஏதாச்சும் ஆயிருமுங்களா?"

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் இருந்தது. ஆம் என்றால் அடுத்த வாரமே பட்டறையில் விட்டு வந்த சாமான்களோடு அவர் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருக்கலாம். ஆம் என்றால் இந்த அம்மாள் இன்றைக்கு ராத்திரியிலிருந்து, இருக்கிற மட்டும், மகளின் தோளைப் பார்க்கும்போதெல்லாம் தன் கையைப் பார்ப்பார்.

"ஆவாதுங்க. தப்பு என் கையில. இடது பக்கம் கிரீஸ் வெக்காம உட்டுட்டேன்."

ஒரு மாதமாகத் தெரியாமல் இருந்ததை முதல் தடவையாகத் தெரிந்தது போலச் சொன்னார். சொல்வது சுலபமாக இருந்தது. அது பெரிய மனசு என்று அவர் நினைத்துக்கொள்ளவில்லை. வாய் திறந்தது, அந்தச் சொல் வந்தது.

மாரக்காளின் முகம் இறுகியது. "அதச் சொல்லிப்போட்டுப் போலாமுன்னுதான் பழம் வாங்கிட்டு வந்தீங்களா? கட்டுனவ போய்ட்டான்னா வேலைக்கு வரப்படாது பாய். ஊட்டுல கெடக்கோணும். அடுத்தவ புள்ள கெடைச்சாளா உங்களுக்கு?"

"தப்புத்தானுங்க."

"டீயக் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க."

குடித்தார். வேட்டி முனையை ஈரமாக்கி வலது தண்டைத் துடைத்து எடுத்தார். "இதுக்கு மருந்து பூசறேனுங்க. இனிமே இதும்மேல வேற ஒண்ணும் வெக்காதீங்க. வழுக்கோணும்" என்று சொல்லி, தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுக்கப் போன மாரக்காளிடம், "அது வேண்டாங்க, அது ரப்பரைக் கெடுக்கும்" என்றும் சொல்லிவிட்டு, வண்டிப் பெட்டியிலிருந்த கிரீஸை எடுத்துத் தடவினார்.

கிளம்பும்போது தீபிகா சன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

"சலீம்ணா. வலது பக்கம் நல்லாயிருக்குதுங்களா?"

"இப்ப நல்லாயிருக்குது கண்ணு."

அவர் பஸ் பிடிக்க நடந்தார்.

பழைய இடது சீல் எங்கே என்று மாரக்காளைக் கேட்டிருந்தார். "அதையெல்லாம் யாரு வெச்சிருக்கா, அந்த ஆளு எடுத்துட்டுப் போயிருப்பான்" என்று பதில் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவருக்குக் கணக்கு ஓடியது. இரண்டு தண்டிலும் ஒரே கை, ஒரே நாள், ஒரே விபூதி. வலது தாங்கியது. இடது தாங்கவில்லை. வலதில் கிரீஸ் இருந்தது, அது நிச்சயம். கிரீஸ் இருந்தால் பொடியை அது பிடித்து வைத்துக்கொள்ளும், ரப்பரை அறுக்க விடாது. அப்படியென்றால் இடதில்? மாரக்காளிடம் பொய் சொன்னோமா, உண்மையைச் சொன்னோமா என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அது தெரியாமலேயே வருடங்கள் போயின. ஒரு தடவை கெங்கவல்லிக்குப் போகிற சுற்றுலாப் பஸ் ஒன்று சாய்ந்தபடி பங்குக்குள் வந்தது. "பெரியவரே, காத்து இறங்குது, கொஞ்சம் அடியில பாருங்களேன்" என்றான் டிரைவர். நுரை வைக்காமலேயே ஓட்டை எங்கே என்று சலீமுக்குக் காதால் தெரிந்தது.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. டயருக்கு மட்டுந்தான்."

"காத்துப் புடிக்கிறவருக்குக் காத்து தெரியாதாம்" என்று டிரைவர் சிரித்தான். சிவக்குமாரும் சிரித்தார்.

சின்னராஜ் மட்டும் தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் போன் செய்வான். புது ஆள் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள் என்பான். ஒருத்தன் சீலை ஸ்குரூ டிரைவரால் நெம்பினான் என்று சொல்லி, சலீம் திட்டுவாரா என்று பார்ப்பான். "செரி" என்பார் சலீம். "என்னங்க பாய் செரி? கெட்ட வார்த்தையில ஒண்ணு சொல்லுங்க, நான் போய் அவங்கிட்டச் சொல்லோணும்." "வெச்சிரு சின்னராஜு, வண்டி வந்திருச்சு." பல சமயம் வண்டி எதுவும் வந்திருக்காது.

நிகத்துக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. பெண். ரஹமத் என்றே பேர் வைத்தார்கள். அவர் தூக்கிக் கொஞ்சினார். கொஞ்ச வேண்டும் என்று தெரியும், கொஞ்சினார். வீட்டுக்கு வருகிறவர்கள், சலீம் பாய் தேறிவிட்டார் என்றார்கள்.

2025 டிசம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். ஒரு சரக்கு வண்டியின் ஆறு டயரையும் முடித்துவிட்டு நிமிரும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பெயரில்லாத எண். படத்தில் ஒரு வேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்ப்ரசர் நிழலில் நின்று படித்தார்.

"சலீம்ணா, தீபிகா பேசறேன். நம்பர் சின்னராஜ் அண்ணன் குடுத்தாரு. அம்மா போன மாசம் எட்டாந்தேதி தவறிட்டாங்க. நெஞ்சுவலி. காட்டுல இருந்து வந்து படுத்தவங்க எந்திரிக்கல. அதுக்காக இந்த மெசேஜ் இல்ல, ஆனா அதனாலதான் இப்ப எழுத முடியுது. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்பவே அந்தச் சேலத்துக்காரரு பழைய சீலக் கொண்டாந்து கையில குடுத்தாரு. சுத்தியும் அறுத்திருந்துச்சு. மோந்து பாத்தேன், சந்தனம், அந்தப் பக்கம் கெட்டியா அப்பியிருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். அவருகிட்ட யாருக்கும் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க வந்து கொட்டாய்ல அம்மாகிட்ட பேசுனதும் சன்னல் வழியா கேட்டுச்சு. உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு அப்பவே தெரியும். தெரிஞ்சும் உங்களப் போக உட்டேன். உங்க வேலை போச்சுன்னும் தெரியும். அம்மா தாங்கமாட்டாங்கன்னு நெனச்சேன். நீங்க தாங்கிக்குவீங்கன்னு நெனச்சேன். அது தப்பு. மன்னிப்புக் கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. நேத்து குருமூர்த்தி அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. பாய் கிரீஸ் வெச்சதே ஞாபகமில்லன்னு சொன்னாருன்னு கடைசியா சொன்னாரு. அது எனக்கு நேத்து வரைக்கும் தெரியாது. நீங்க அம்மாவுக்காக ஒரு பொய் சொன்னீங்கன்னுதான் இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன். உங்களுக்கே தெரியாதுன்னு நெனக்கல. அந்தச் சீலு இன்னும் எங்கிட்டத்தான் இருக்குது. இடது பக்கத்துல கிரீஸ் இருந்துச்சுண்ணா. நல்லா, சுத்தியும், நெறையவே இருந்துச்சு."